சென்னையிலிருந்து போர்ட் பிளேர்: விமானத்தில் உண்மையில் எவ்வளவு நேரம்? அம்மாவை அழைத்துப் போகிறேன்

காலடிப்பேட்டை மகள் கேட்கிறார்:

வணக்கம். ஆவணியில் என் அண்ணன் மகளுக்குப் போர்ட் பிளேரில் திருமணம். அண்ணன் தச்சு வேலைக்குப் போனவர், அங்கேயே குடும்பமாகிவிட்டார். அம்மாவை அழைத்துக்கொண்டு நான்தான் போக வேண்டும். அம்மாவுக்கு 73 வயது. காலை, இரவு இரண்டு வேளையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். முழங்கால் வலி இருக்கிறது, நீண்ட தூரம் நடக்க முடியாது.

அம்மா இதுவரை அந்தமானுக்குக் கப்பலில் மட்டுமே போயிருக்கிறார். துறைமுகத்தில் ஏறி மூன்று இரவு கழித்து இறங்குவதுதான் அவர் மனத்தில் இருக்கும் தூரம். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் என்று சொன்னதும், "அவ்வளவு பக்கமென்றால் உன் அண்ணன் ஏன் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிறான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் குழப்பம் இதுதான். இணையத்தில் ஓரிடத்தில் 1,370 கி.மீ. என்று போட்டிருக்கிறது. ஒரு சுற்றுலா வழிகாட்டியில் கடல் வழி 1,190 கி.மீ. என்றிருக்கிறது. விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு மணி நாற்பது நிமிடம்தான் ஆக வேண்டும். டிக்கெட்டில் போக 2 மணி 15 நிமிடம், வர 2 மணி 25 நிமிடம் என்று இருக்கிறது. போவதற்கும் வருவதற்கும் ஒரே வழிதானே?

இரண்டு விமானங்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று அதிகாலை 5.30, கட்டணம் குறைவு. மற்றொன்று காலை 9.45. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? அங்கே நேரம் வேறா? இன்சுலின் நேரத்தை மாற்ற வேண்டியிருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசர்பாடி ஓட்டுநர்:

அக்கா, 5.30 விமானம் என்றால் மெட்ரோ உதவாது. முதல் ரயிலே காலை 5 மணிக்குத்தான். வாடகைக் கார்தான் பிடிக்க வேண்டும். நள்ளிரவு தாண்டிய பிறகு சாலை காலியாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம் பக்கத்துக்கு அது பொருந்தாது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு இரவு, பகல் கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஆவணியில் எல்லாப் படகும் கடலுக்குப் போய் வரும். விடிவதற்கு முன்பே காசிமேட்டில் மீன் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே கடற்கரைப் பக்கம் வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே வந்து, தண்டையார்பேட்டை, ஸ்டான்லி மருத்துவமனை, மின்ட், வால்டாக்ஸ் சாலை, சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி என்று போகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கார் வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வராமல் போவதும் நடக்கிறது.

மண்ணடி டிக்கெட் பாய்:

சகோதரி, மண்ணடியில் டிக்கெட் போடுவதுதான் எங்கள் குடும்பத் தொழில். சிங்கப்பூர், கொழும்பு, துபாய் எல்லாம் போடுகிறோம். அந்தமானுக்கு மட்டும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நீங்கள் கேட்டதையே பலரும் கேட்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் தூரம். 1,370 என்பதுதான் சரி. யாரையும் நம்ப வேண்டாம், நீங்களே கணக்குப் போடலாம். சென்னை விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 80.17 பாகையில் இருக்கிறது. போர்ட் பிளேர் விமான நிலையம் 92.73 பாகையில். இடைவெளி 12.55 பாகை சொச்சம். நம் அட்சரேகையில் ஒரு பாகைக்கு 109 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆக, கிழக்கே மட்டும் 1,365 கி.மீ. போக வேண்டும். போர்ட் பிளேர் நமக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் அந்தப் பக்கம் ஒரு 150 கி.மீ. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கில் இரண்டையும் போட்டால் 1,370-ஐ ஒட்டி வந்து நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பூமியின் வளைவால் பெரிய மாற்றம் வராது.

இப்போது அந்த 1,190-ஐப் பாருங்கள். கப்பல் என்ன, பறவையே போனாலும் நேர்வழியைவிடக் குறைந்த வழி கிடையாது. விமான நிலையத்துக்குப் பதில் துறைமுகத்திலிருந்து அளந்தாலும் பத்துப் பதினைந்து கி.மீ. குறையுமே தவிர 180 கி.மீ. குறையாது. அந்த எண் ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்கு அப்படியே நகலாகி வருகிறது. அதை விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்குத் தூரம் புரிய வேண்டுமானால் கொல்கத்தாவைச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து கொல்கத்தா விமான வழியில் சுமார் 1,380 கி.மீ. ஏறக்குறைய இதே தூரம். கொல்கத்தாவுக்கு ரயிலில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆனாலும் வழியெல்லாம் ஊர் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு நடுவே ஒரு திட்டுக்கூடக் கிடையாது, முழுக்க வங்காள விரிகுடா. உங்கள் அண்ணன் நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவதற்குத் தூரம் காரணமில்லை. தீவில் இருப்பவர்களுக்குப் பஸ்ஸோ ரயிலோ இல்லை. கப்பலில் வந்தால் போக வரவே ஒரு வாரம் கழிந்துவிடும், விமானத்தில் வந்தால் குடும்பத்தோடு வரும் கட்டணம் கட்டுப்படியாகாது. நடுவில் வேறு வழி இல்லை. அண்ணன்மேல் வருத்தப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அடுத்து நேரம். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்தது முதல், அங்கே போய் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வருவது எல்லாம் அதில் அடக்கம். மேலே ஏறவும் கீழே இறங்கவும் விமானம் முழு வேகத்தில் போவதில்லை. ஏறுவதற்கு ஒரு 20 நிமிடம், இறங்குவதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் வானத்தில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நீங்கள் சொல்லும் 800 கி.மீ. வேகம் நடுவில் உள்ள மீதிக்குத்தான். அதனால் வானத்தில் இருப்பது ஒன்றே முக்கால் முதல் இரண்டு மணி நேரம் வரை.

ஆவணியில் இன்னொரு சங்கதி சேரும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும், நமக்கெல்லாம் தெரியும். ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் காற்று நேர்மாறாகக் கிழக்கிலிருந்து வரும். அதன் உச்ச வேகம் இன்னும் மேலே, 14, 15 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ நம் சென்னையின் அட்சரேகையை ஒட்டியே இருக்கும். இந்தக் கீழைக்காற்றுத் தாரையை ஆராய்ந்து 1958-இல் உலகுக்கு எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். விமானம் அதன் கீழ்விளிம்பில் போகிறது. போகும்போது எதிர்க்காற்று 60 கி.மீ. என்றும், வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே தூரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட வித்தியாசம் வந்துவிடும். அதுவும் போகும் பயணம்தான் நீளும்.

பிறகு ஏன் டிக்கெட்டில் வரும் பயணம் நீளமாக இருக்கிறது? கால அட்டவணை ஒரு நாளைக்குப் போடுவது இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனி வரை ஒரே அட்டவணை. எல்லா மாதக் காற்றும் அதற்குள் வர வேண்டும். சென்னையில் இறங்க வரும் விமானங்கள் அதிகம். தரையிறங்க முறை வரும் வரை வட்டமடிக்க நேரலாம். அதற்கும் சேர்த்து நிமிடங்களை வைத்திருப்பார்கள். அதனால் முன்கூட்டியே இறங்கிவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்தப் பத்து நிமிடத்தை நினைத்து யாரும் திட்டம் போடக் கூடாது. உங்கள் நாளைத் தீர்மானிப்பது கவுன்ட்டர் மூடும் நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

5.30 விமானம்: கவுன்ட்டர் 4.30-க்கு மூடும். சக்கர நாற்காலிக்குச் சொல்லிப் பெட்டி போட்டு முடிக்க 3.30-க்கு அங்கே இருக்க வேண்டும். தம்பி சொன்ன ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தால் வீட்டிலிருந்து 2 மணிக்குக் கிளம்ப வேண்டும். அம்மா 1 மணிக்கு எழ வேண்டும். தூங்கவே மாட்டார். போய் இறங்குவது 7.45-க்கு. இன்சுலின் எப்போது போடுவது, எதைச் சாப்பிடுவது?

9.45 விமானம்: கவுன்ட்டர் 8.45-க்கு மூடும். 7.30-க்கு அங்கே இருந்தால் போதும். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் விமான நிலையம் வரை அதே ரயில். 2021-இல் விம்கோ நகர் வரை பாதை நீண்டதில் வட சென்னைக்குக் கிடைத்த பெரிய உபகாரம் இது. அதற்கு முன்பு நம் பக்கத்து ஆட்கள் விமானம் ஏறுவதைவிட மீனம்பாக்கம் போய்ச் சேருவதற்கே அதிகம் பயந்தார்கள். பயணம் ஒரு மணி நேரம் சொச்சம். 6 மணி ரயிலைப் பிடியுங்கள். லிஃப்ட் இருக்கிறது, ஏறும் நிலையம் ஆரம்பத்தை ஒட்டி இருப்பதால் அந்த நேரத்தில் உட்கார இடமும் கிடைக்கும். பாதுகாப்புச் சோதனை முடிந்த பின் உள்ளே உட்கார்ந்து நிதானமாக இன்சுலின் போட்டு, இட்லி கொடுங்கள். 12 மணிக்குப் போர்ட் பிளேர், மதியச் சாப்பாடு அண்ணன் வீட்டில்.

கட்டணம் கூடுதல் என்று யோசிப்பீர்கள். அதிகாலையில் காருக்குக் கொடுப்பதையும் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இருக்காது. இருந்தாலும் 73 வயதுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

மதியத்துக்கு மேல் உள்ள விமானத்தை மழைக்காலத்தில் நான் யாருக்கும் சொல்வதில்லை. அங்கே வானிலை மோசமாகி இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் இறங்க வேறு பெரிய ஊர் இல்லை. சென்னைக்கே திரும்பி வந்த விமானங்கள் உண்டு. முற்பகலில் கிளம்பினால் அன்றைக்கே மறுபடி முயல நேரம் இருக்கும்.

நேரம் மாறாது, கடிகாரத்தைத் தொட வேண்டாம். தீவிலும் இந்திய நேரம்தான். ஆனால் சூரியன் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் பன்னிரண்டரைப் பாகைக்கு 50 நிமிடம் முன்னதாகவே அங்கே விடியும், முன்னதாகவே பொழுது சாயும். ஆவணியில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். வீட்டில் சீக்கிரம் விளக்கேற்றுவார்கள், சீக்கிரம் சாப்பிடுவார்கள். அம்மாவுக்கு இன்சுலினைக் கடிகாரப்படி போடுவதா, சாப்பாட்டுப்படி போடுவதா என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்சுலினைப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் மருந்துச் சீட்டோடு வையுங்கள். பெட்டி வைக்கும் அறையின் குளிரில் அது உறைந்தால் வீணாகிவிடும்.

காலடிப்பேட்டை மகள்:

பாய், நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "வழியில் ஊரே இல்லை" என்ற இடத்தில் அண்ணனை நினைத்து அழுதுவிட்டார். 9.45 என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் இப்போது புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது கப்பலில் வரலாம் என்கிறார். கடைசியாக ஒருமுறை கப்பலில் வர வேண்டுமாம். கப்பலுக்கு உண்மையில் எவ்வளவு நேரம்? இன்சுலினோடு வர முடியுமா?

ராயபுரம் கப்பல்காரன்:

தங்கையே, அந்தமான் ஓட்டத்தில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன் நான். பாய் சொன்ன 1,370 கி.மீ. எங்கள் கணக்கில் 740 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. கப்பல் மணிக்கு 12 கடல் மைல் போனால் 60 மணி நேரத்துக்கு மேல். அலை பெரிதாக இருந்தால் வேகம் குறையும், 70-ஐத் தொடும். கிளம்பும் நாள் தள்ளிப்போவதும், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு இடத்துக்குக் காத்திருப்பதும் இதில் சேராது. மாதத்தில் சில நாட்கள்தான் கப்பல் இருக்கும் என்பதால் திருமணம் முடிந்த கையோடு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கப்பலில் மருத்துவர் இருப்பார். சாப்பாடு நேரத்துக்கு மணி அடித்துக் கொடுப்பார்கள். அதில் குறை இல்லை. ஆனால் ஆவணி, புரட்டாசியில் மேற்கே வரும் கப்பல் காற்றையும் அலையையும் முகத்தில் வாங்கிக்கொண்டே வரும். முன்பக்கம் எழும்பி விழும். நல்ல திடமான ஆட்களே இரண்டாம் நாள் படுக்கையை விட்டு எழ மாட்டார்கள். வாந்தி எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பவருக்கு இன்சுலின் போடுவது ஆபத்து. முழங்கால் வலியோடு செங்குத்தான படிகளில் ஏறி இறங்குவது அதைவிட ஆபத்து. அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பு கீழ்த்தளத்தில் இருக்கும், கழிப்பறைக்கே நடக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல். அதுவும் வேண்டாம்.

அம்மாவின் ஆசையை ஒரேயடியாக மறுக்காதீர்கள். தை, மாசி, பங்குனியில் வங்காள விரிகுடா குளம்போல் கிடக்கும். அப்போது அண்ணன் குடும்பத்தோடு சென்னைக்கு வரச் சொல்லி, அவர்கள் திரும்பும்போது அம்மாவையும் கேபின் வகுப்பில் அழைத்துப் போகட்டும். மேல்தளத்தில் உட்கார்ந்து பறக்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் விமானம் ஏன் போதவில்லை என்று தெரியும். உங்கள் அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது, மாதம்தான் சரியில்லை.

மண்ணடி டிக்கெட் பாய்:

கப்பல்காரர் சொன்னதே சரி. திரும்பும் விமானமும் இப்போதே போட்டுவிடுங்கள், திருமணத்துக்கு மறுநாள் வேண்டாம், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். வேலைக்குப் போகும் நாளுக்கு முன்பும் ஒரு நாள் விட்டால், மழையில் விமானம் ரத்தானாலும் அதோடு மோதாது.

விட்டுப்போன சில: சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. சென்னையில் உள்நாட்டுக்கு முதல் முனையமும் நான்காம் முனையமும் இருக்கின்றன, உங்களுக்கு எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு மெட்ரோவிலிருந்து நடங்கள். தவறான பக்கம் போனால் அம்மாவின் முழங்கால் தாங்காது. டிக்கெட்டில் போர்ட் பிளேர் என்றோ ஸ்ரீ விஜயபுரம் என்றோ இருக்கலாம், 2024-இல் பெயரை மாற்றினார்கள், ஊர் ஒன்றுதான். ஆதார் அட்டையின் அசலை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் பவர் பேங்க் கைப்பையில், ஊறுகாய் பெட்டியில். மாறிப் போனால் இரண்டையும் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

காலடிப்பேட்டை மகள்:

இரண்டு டிக்கெட்டும் போட்டுவிட்டேன். போவது 9.45, முதல் முனையம். தை மாதக் கப்பலைப் பற்றி அண்ணனிடம் பேசினேன், பொங்கலுக்கு வருவதாக அம்மாவிடமே போனில் சொல்லிவிட்டார். கப்பல்காரர் அண்ணா, ஒன்று கேட்க வேண்டும்: கேபின் வகுப்புக்கு எவ்வளவு நாள் முன்பாகப் பதிவு தொடங்கும்? ராஜாஜி சாலை அலுவலகத்துக்கு நேரில்தான் போக வேண்டுமா?

ராயபுரம் கப்பல்காரன்:

கப்பல் தேதியை அறிவித்த பிறகுதான் பதிவு. அதனால் மார்கழி பிறந்ததும் வாரம் ஒருமுறை அறிவிப்பைப் பாருங்கள். இணையத்திலும் போடலாம். ஆனாலும் அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கைதான் வேண்டும் என்பதை நேரில் போய்ச் சொல்வது நல்லது. தீவுவாசிகளுக்குத் தனி ஒதுக்கீடும் குறைந்த கட்டணமும் உண்டு. அண்ணனிடம் தீவுவாசி அட்டை இருந்தால் அவர் குடும்பத்துக்கு அங்கிருந்தே போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மட்டும் நீங்கள் இங்கே போட்டால் போதும். காலையிலேயே போங்கள், பகல் ஏறினால் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.